சம்மன் கொடுக்க ஒரு நாள் வகுப்பு: மூன்றரை நட்சத்திரம்

நான் இருப்பது ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, சுகர் லேண்டில். பத்து வருஷம் டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். முழங்கால் போன பிறகு தரையில் உட்கார்ந்து எழுவது முடியாமல் போயிற்று. பையனும் காலேஜுக்குப் போய்விட்டான். வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, "உன்னிடம் காரும் இருக்கு, நேரமும் இருக்கு, ப்ராசஸ் சர்வர் ஆகேன்" என்றாள். ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கம்ப்யூட்டர் இல்லை. நம் ஊர் அமீனா. ஒருவர் மேல் சிவில் வழக்கு போட்டால் கோர்ட் தாளை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள். ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் என் சித்தப்பாவுக்கு அதுதான் உத்தியோகம். அவருக்கு மாதச் சம்பளம், பென்ஷன் எல்லாம் உண்டு. எனக்கு ஒரு தாளுக்கு இவ்வளவு என்று கூலி.

டெக்சாஸில் யார் வேண்டுமானாலும் இதைச் செய்துவிட முடியாது. ஷெரிஃப், கான்ஸ்டபிள் செய்யலாம். (இங்கே கான்ஸ்டபிள் என்றால் தேர்தலில் நின்று ஜெயிக்கிறவர். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், மட்டும் எட்டு பேர்.) இல்லை, நீதிபதி எழுதித் தந்த உத்தரவு வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஜே.பி.சி.சி. எனப்படும் நீதித்துறைச் சான்றளிப்பு ஆணையத்தின் சான்றிதழ் வேண்டும். அந்த ஆணையம் 2014 முதல் இருக்கிறது. சான்றிதழ் கையில் இருந்தால் 254 கவுண்டியிலும் செல்லும். அதை வாங்க, ஆணையம் ஒப்புக்கொண்ட வகுப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும். நான் போன வகுப்பைப் பற்றித்தான் இந்த விமர்சனம். நடத்தும் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கடைசியில் கொஞ்சம் திட்டப் போகிறேன்.

ஹைவே ஓரமாக ஒரு ஓட்டலின் மீட்டிங் ரூம். கட்டணம் 140 டாலர், காபி இலவசம். ஏசி மட்டும் ஊட்டி மாதிரி, சால்வை கொண்டு போங்கள். சுமார் இருபது பேர் இருந்தோம். பாதிப் பேர் ரிட்டயர்டு போலீஸ். காலை முழுக்க ஸ்லைடைப் பார்த்துப் படித்தார்கள். சட்டம் எங்கிருந்து வந்தது, ஆணையம் எப்படி வந்தது என்று. வீட்டில் உட்கார்ந்து நாமே படித்துக்கொள்ளக்கூடிய விஷயம் அது. காலையோடு கிளம்பியிருந்தால் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் வந்தவர் வேறு ஆள். பல வருஷம் டெபுட்டி கான்ஸ்டபிளாக இருந்தவர். வந்ததும் ஸ்லைடை அணைத்துவிட்டு ஆளுக்கு ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தார். "ரிட்டர்ன் எழுதுங்கள்" என்றார். ரிட்டர்ன் என்பது, தாளைக் கொடுத்துவிட்டேன் என்று நாம் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. வழக்கு எண், எந்தக் கோர்ட், என்ன தாள், அது என் கைக்கு வந்த நாளும் மணியும், யாரிடம், எந்த விலாசத்தில், எப்போது, எப்படிக் கொடுத்தேன், என் சான்றிதழ் எண், அது காலாவதியாகும் தேதி. எல்லோரும் எழுதினோம். இருபது பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. நான் கைக்கு வந்த மணியை விட்டிருந்தேன்.

"இதில் என்ன குடி முழுகிவிடும்?" என்று ஒருவர் கேட்டார். அதற்குத்தான் 1985இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்த்த யுவால்டி கன்ட்ரி கிளப் வழக்கை அந்த டெபுட்டி சொன்னார். பிரதிவாதி வரவில்லை, அவர் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது. ஆனால் வழக்கு மனுவில் சம்மன் வாங்க வேண்டியவர் பெயருக்குப் பின்னால் 'ஜூனியர்' என்று இருந்தது; சம்மனிலும் ரிட்டர்னிலும் அந்த ஜூனியர் இல்லை. அவ்வளவுதான், தீர்ப்பே ரத்து. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டு வளர்ந்த நமக்கு இது புரியாதா? ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல் மாறினதற்குத் தாலுகா ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்திருக்கிறோம்!

நாள் கணக்கும் அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கிற்று. டிஸ்ட்ரிக்ட் கோர்ட், கவுண்டி கோர்ட் வழக்கு என்றால், தாள் பிரதிவாதி கைக்குப் போய் 20 நாள் முடிந்த பிறகு வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதில் போட வேண்டும். செவ்வாயன்று கொடுத்தால் இருபதாம் நாளே ஒரு திங்கள். அது சேராது, அடுத்த திங்கள்தான் கெடு, ஆக 27 நாள். வெள்ளியன்று கொடுத்தால் 24. சின்ன வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் இந்தத் திங்கள் விளையாட்டு இல்லை, 14 நாள் தான். ஞாயிற்றுக்கிழமை, சில அவசர உத்தரவுகள் தவிர, எதையும் கொடுக்கவே கூடாது. ஜனங்கள் வீட்டில் இருப்பதே அன்றைக்குத்தான்!

எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. சம்மனுக்கு உரியவர் வீட்டில் இல்லாவிட்டால், சித்தப்பா அங்கே குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவார். வாங்க மாட்டேன் என்றால் வாசல் கதவில் ஒட்டிவிட்டு, ஒட்டிய விவரத்தை எழுதிக் கோர்ட்டில் கொடுப்பார். இங்கே நானாக அப்படிச் செய்யக் கூடாது. பெண்டாட்டி கையில் கொடுப்பதாக இருந்தாலும் நீதிபதியின் உத்தரவு வேண்டும். அதற்கு, எந்த நாள் எத்தனை மணிக்குப் போனேன், என்ன பார்த்தேன் என்று பிரமாணம் எழுதித் தர வேண்டும். உத்தரவு வந்த பிறகுதான் பதினாறு வயதுக்கு மேற்பட்ட யாரிடமாவது விட்டு வரலாம். 2020 டிசம்பர் 31 முதல் ஈமெயில், சோஷியல் மீடியா வழியாகக்கூட அனுப்ப நீதிபதி அனுமதிக்கலாம். இந்த மாற்றம் எங்களுக்குத் தந்த புத்தகத்தில் இல்லை. பழைய அச்சு. அவர் வாயால் சொன்னதை நாங்கள் ஓரத்தில் எழுதிக்கொண்டோம். அரை நட்சத்திரம் இதற்காகக் குறைத்தேன்.

மீதி ஒரு நட்சத்திரம் போனது அந்தப் பெட்டியால். வகுப்பு முடிகிற நேரத்தில் 'ஸ்டார்ட்டர் கிட்' என்று ஒரு பெட்டியை மேஜையில் வைத்தார்கள், 180 டாலர். உள்ளே விசிட்டிங் கார்டு, ஃபைல், ஒரு பித்தளை பேட்ஜ். அசப்பில் போலீஸ் பேட்ஜேதான். ஒரு மணி நேரம் முன்புதான் அந்த டெபுட்டி, "அரசு அதிகாரி மாதிரி காட்டிக்கொண்டால் அது கிரிமினல் குற்றம்" என்று மூன்று தடவை சொல்லியிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார். என் பக்கத்திலிருந்த பையன் வாங்கினான். நான் கடைக்குப் போய் நாலு டாலருக்கு ஒரு கிளிப்போர்டு வாங்கினேன்.

கதவைத் தட்டிவிட்டு எங்கே நிற்பது, நாய் வந்தால் என்ன செய்வது, 'அவர் இல்லை' என்று அவரே சொன்னால் எப்படிப் பேசுவது என்றெல்லாம் ஒரு பத்து நிமிஷம் நடித்துக் காட்டியிருக்கலாம். தாளுக்கு எவ்வளவு கேட்பது என்றும் சொல்லவில்லை. அதெல்லாம் தோழி சொல்லித் தெரிந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குத் தாள் நமக்கு வராது, தனி உத்தரவு இல்லாமல் அதை ஷெரிஃப், கான்ஸ்டபிள் போன்ற அதிகாரிகள்தான் கொடுக்க முடியும் என்பதையாவது வகுப்பில் சொன்னார்கள். மனசுக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம் கைரேகை. குற்றப் பின்னணி பார்க்க அது கட்டாயம். டேகேரில் நாளுக்கு முப்பது தடவை கை கழுவிக் கழுவி ரேகை தேய்ந்துவிட்டது போல, மெஷின் என் விரலை ஏற்கவே இல்லை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ரெண்டு வாரம் கழித்துப் போனேன், எடுத்துக்கொண்டது. இது வகுப்பின் குறை இல்லை, உங்களுக்கும் அப்படி என்றால் முன்கூட்டியே எண்ணெய் வையுங்கள்.

முதல் தாள் ஒரு விவாகரத்து வழக்கு, சனிக்கிழமை காலை, கேட்டி என்ற ஊர்ப் பக்கம். அந்த மனிதர் கதவைத் திறந்து, வாங்கி, "தேங்க் யூ மேடம்" என்றார். எனக்குத்தான் கை நடுங்கிற்று. காரில் உட்கார்ந்து முதலில் மணியை எழுதினேன், 9:42. அப்புறம் பெயரை எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்தேன்.

சான்றிதழைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் வகுப்புக்குப் போக வேண்டும். மதியம் அந்த டெபுட்டிதான் வருவார் என்று உறுதியாகச் சொன்னால் இவர்களிடமே போவேன். சால்வையோடு.