உலக முடிவா, தொட்டுபொலவா, கிரிகல்பொத்தவா?

காலபோக அறுவடை முடிந்து நெல்லும் விலைப்பட்ட பிறகு, கிளிநொச்சியிலிருந்து வான் பிடித்து மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போவது எங்கள் குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது. மூன்று முறை போய் மூன்று வழிகளில் நடந்திருக்கிறோம். எது சிறந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எங்களுக்கு மேடு என்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். கடல்மட்டத்துக்கு 2,100 மீற்றர் மேலே போய் இறங்கியபோது, முதலில் களைத்தது காலல்ல, மூச்சு. வில்பத்துத் தேசியப் பூங்காவில் வாகனத்தை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். இங்கே நடந்தால்தான் எதையும் பார்க்கலாம்.

எல்லோரும் போவது உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்கு. ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்று: சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. பாதை தெளிவானது, ஏற்றமும் கொடியதல்ல. ஆனால் இது நேரத்தோடு ஓடும் ஓட்டம். காலை ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிட்டால், 870 மீற்றர் ஆழப் பள்ளம் இருந்த இடத்தில் வெள்ளைச் சீலைதான் தொங்கும். முதல் முறை நுவரெலியாவில் தேநீர் குடித்து ஆறுதலாகப் புறப்பட்டு, நாங்கள் அந்தச் சீலையைத்தான் பார்த்தோம். ஆறு மணிக்கே வாயிலில் நிற்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். விடுமுறை நாளில் அவர்களுக்கும் சொல்லமாட்டேன். மடுத் திருவிழாக் கூட்டமே தோற்றுவிடும்.

உள்ளே போகுமுன் பையைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளைக் கழற்றிவிடுவார்கள். மாமி புட்டைப் பனையோலைப் பெட்டியில் கொண்டு வந்திருந்தார். அதைத் திறந்து பார்த்த அலுவலர் சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்தார். இன்னொரு புதினம், வாகனத் தரிப்பிடத்திலேயே மரைகள் வந்து நிற்கின்றன. எங்கள் பக்கத்து மரை ஆள்வாசம் பட்டாலே பறந்துவிடும். ஏன் என்று வன்னிப் பெரியவர்களைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

தொட்டுபொலகந்த நாட்டின் மூன்றாவது உயர்ந்த மலை, 2,357 மீற்றர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பட்டிப்பொல வாயிலால் வரும் வீதியோரத்திலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர்தான். வீதியே உயரத்தில் இருப்பதால் மிச்சம் கொஞ்சம். இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்று ஒரு கதையும் உண்டு. முழங்கால் வருத்தக்காரியான மாமியே ஊன்றுதடியோடு ஏறி முடித்தார். பள்ளத்தாக்கு, அருவி என்று படம் பிடிக்க அதிகமில்லை. ஆனால் காற்றில் குறுகிப்போன மரங்களுக்கிடையே ஏறி, மலையின் தலையில் நின்றோம் என்ற திருப்தி அரை நாளுக்குள் கிடைக்கிறது. பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போனால் உலக முடிவை விட இதுவே மேல் என்பது என் கட்சி.

எனக்கென்று ஒரு நாள் தந்தால் கிரிகல்பொத்தவுக்குத்தான் போவேன். 2,388 மீற்றர், நாட்டில் இரண்டாவது. முதலாவதான பிதுருதலாகலையில் நடந்து ஏற விடுவதில்லை என்பதால், நம் கால் எட்டக்கூடிய ஆக உயர்ந்த சிகரம் இது. போக ஏழு, வர ஏழு கிலோமீற்றர். புல்வெளி, சதுப்பு, பாசி தொங்கும் காடு, பிறகு மறுபடியும் சதுப்பு. ஒரு நாள் முழுதும் எதிரே ஆளில்லை. வானம் வெளித்தால் உச்சியிலிருந்து சிவனொளிபாதமலை தெரியும் என்றார்கள், எங்களுக்கு வெளிக்கவில்லை. பாதை சில இடங்களில் புல்லுக்குள் மங்கிப்போகிறது. மதியம் கடந்து புறப்படுவது மடத்தனம், தனியாகப் போவது அதைவிட மடத்தனம்.

அங்கேதான் சித்தப்பாவின் கால்களைக் கவனித்தேன். சேறு முழங்கால்வரை வந்த இடங்களில், எங்களோடு வந்து முன்னே போன பொடியன்கள் புல்லை மிதித்து ஒதுங்கிப் போயிருந்தார்கள். பாதை அகன்று கிடந்தது. சித்தப்பா ஒதுங்கவில்லை. சேற்றின் நடுவாலேயே நடந்தார்.

"சித்தப்பா, கரையால் வரலாமே?"

"பாதையை விட்டுக் கால் வைக்கமாட்டேன், தம்பி."

மீள்குடியேறிய நாட்களில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளுக்கு நடுவே, வெள்ளையடித்த தடிகளைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு நடந்தவர் அவர். இங்கே கண்ணிவெடி இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு நானும் சேற்றுக்குள் இறங்கினேன்.