சாவி பக்கத்தில்தான் இருக்கிறதா? வைஃபை, ப்ளூடூத், யு.டபிள்யூ.பி: ஓர் ஒப்பீடு

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு திறந்து, பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும் கார்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன. அப்படிப்பட்ட கார்களில் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களை எடுத்துச் சோதித்த முடிவை, சூரிச்சில் உள்ள இ.டி.எச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரான்சியோன், டானெவ், சாப்குன் மூவரும் 2011-இல் வெளியிட்டார்கள். சோதனை எளிமையானது. கார் பக்கத்தில் ஓர் ஆன்டெனா, சாவி வைத்திருப்பவர் பக்கத்தில் இன்னோர் ஆன்டெனா. கார் மெல்லிய குரலில் "சாவி இருக்கிறாயா?" என்று கேட்பதை முதல் ஆன்டெனா பிடித்து இரண்டாவதற்குக் கடத்துகிறது. சாவியின் பதில் சிக்னல் வலுவானது என்பதால் அது தானாகவே காரை எட்டிவிடும். பத்து மாடல்களும் ஏமாந்தன.

இதில் யாரும் எந்த ரகசியக் குறியீட்டையும் உடைக்கவில்லை. சாவி சொன்ன பதில் உண்மையானதுதான். "சிக்னல் எட்டுகிறது, அப்படியானால் சாவி அருகில் இருக்கிறது" என்று கார் போட்ட கணக்குதான் தவறு. இதே கணக்கை நம் போன், கைக்கடிகாரம், ஆபீஸ் கதவு எல்லாம் தினமும் போடுகின்றன. தூரத்தை அறிய ரேடியோவில் மூன்று வழிகள் உண்டு: சிக்னலின் வலிமை, அது வந்துசேர எடுக்கும் நேரம், அலையின் கட்டம் (அலை தன் சுற்றில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பது). மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வலிமையை நம்புகிறவர்கள்

திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று நம் பக்கம் வீசினால் அடுத்த தெருவில் பாடுவதுபோல் கேட்கும். திசை மாறினால் ஊருக்கு வெளியே போய்விட்டதுபோல் இருக்கும். ஸ்பீக்கர் என்னவோ அதே இடத்தில்தான். சிக்னல் வலிமையும் இப்படித்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் வலிமை 6 டெசிபெல் குறையும், அதாவது கால் பங்காகும் என்று சூத்திரம் சொல்லும். வீட்டுக்குள் அந்தச் சூத்திரம் நிற்காது. சிக்னல் அளவைக் காட்டும் ஒரு செயலியைப் போட்டு, போனை மார்போடு பிடித்தபடி நின்ற இடத்திலேயே ரவுட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பாருங்கள். ஓர் அடிகூட நகராமலே எண் சரியும். உடம்பில் இருக்கும் தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

இந்தக் குறையையே பலமாக்கிய ஒரு யோசனை 2000-இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் உருவாக்கிய அமைப்புக்கு 'ரேடார்' என்று பெயர். கட்டடம் முழுக்க நடந்து, ஒவ்வோர் இடத்திலும் எந்த வைஃபை எவ்வளவு வலிமையாகக் கிடைக்கிறது என்று முதலில் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு ஒரு கருவி தனக்குக் கிடைக்கும் அளவுகளை அந்தப் பதிவோடு ஒப்பிட்டுத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். சுவர் சிக்னலைக் கெடுக்கிறதா, சரி, அந்தக் கெடுதலே அந்த இடத்தின் அடையாளம். பிழை சுமார் 2 முதல் 3 மீட்டர். புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. 26 வருடம் பழைய யோசனை என்றாலும் எனக்கு இன்னும் பிரமிப்பு குறையவில்லை.

ஆனால் பராமரிப்பு கொல்லும். அலமாரியை நகர்த்தினாலோ ரவுட்டரை மாற்றினாலோ பதிவு பழசாகிவிடும், மறுபடி நடக்க வேண்டும். அப்புறம், போன்களும் கதவைச் சாத்திவிட்டன. ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு செயலி இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் வைஃபை தேடலாம். ஐபோனில் சுற்றியுள்ள வைஃபை பட்டியல் சாதாரணச் செயலிகளுக்குக் கிடைப்பதே இல்லை.

அந்த இடத்தைப் பிடித்தவை ப்ளூடூத் பீக்கன்கள், அதாவது தம் அடையாளத்தை விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவிகள். ஆப்பிள் 2013-இல் கொண்டுவந்த ஐபீக்கன் தூரத்தை மூன்று வகையாகப் பிரித்தது: ஒட்டி, அருகில், தொலைவில். அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்று 2020-இல் பார்த்தோம். ஆரோக்கிய சேது உட்படப் பல நாடுகளின் கொரோனா செயலிகள் யார் யாருக்கு அருகில் இருந்தார்கள் என்பதை ப்ளூடூத்தை வைத்துத்தான் கணித்தன. கூகுள், ஆப்பிள் சேர்ந்து தந்த முறையை டப்ளினில் லீத், ஃபாரெல் என்ற இரு ஆய்வாளர்கள் டிராம் வண்டிக்குள் சோதித்தார்கள். உலோகப் பெட்டிக்குள் அலைகள் எதிரொலித்ததில், அருகில் இருந்தவர்களைக் கண்டுபிடிப்பது குலுக்கல் முறையில் எடுப்பதைவிடப் பெரிதாக மேம்படவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை இந்த அளவுகோலிடம் ஒப்படைத்தோம் என்பது இன்றும் உறுத்துகிறது.

நேரத்தை நம்புகிறவர்கள்

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடி கேட்கும்போது நிறுத்தி, எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சின்ன வயதில் கணக்குப் போட்டிருப்போம். இடி எவ்வளவு சத்தமாகக் கேட்டது என்பது அந்தக் கணக்கில் வராது. ரேடியோவிலும் அதேதான். ஆனால் ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போய்விடும். அவ்வளவு நுணுக்கமாக எண்ண வேண்டும்.

வைஃபையில் இதைச் செய்யும் முறையை 802.11எம்சி என்பார்கள். 2016-ஆம் வருடத் தரநிலையில் சேர்ந்தது, 2018-இல் ஆண்ட்ராய்டு 9-இல் வந்தது. போன் ரவுட்டரோடு செய்திகளைப் பரிமாறி, போய்வர ஆகும் நேரத்தை அளக்கும். 1 முதல் 2 மீட்டர் துல்லியம். கட்டடத்தை நடந்து பதியும் வேலையே இல்லை. ஆனால் எல்லா ரவுட்டரும் இதை ஆதரிப்பதில்லை. நேரத்தைப் பொய்யாகச் சொல்லும் எதிராளிக்குத் தடுப்பும் முதலில் இல்லை. அது 2023-இல் வெளியான 802.11ஏஇசட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அல்ட்ரா வைட்பேண்ட், சுருக்கமாக யு.டபிள்யூ.பி, இதே வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. காரணம் பட்டை அகலம், அதாவது சிக்னல் எவ்வளவு அகலமான அலைவரிசையில் பரவுகிறது என்பது. சுவரில் பட்டு வரும் எதிரொலியையும் நேராக வரும் அலையையும் பிரித்தறிய அகலம் வேண்டும். 80 மெகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரண்டின் பாதையும் சுமார் 3.75 மீட்டர் வேறுபட்டால்தான் தனித்தனியாகத் தெரியும். 500 மெகாஹெர்ட்ஸ் யு.டபிள்யூ.பி-யில் 60 சென்டிமீட்டர் போதும். இவ்வளவு அகலமாகப் பரவினாலும் பிறருக்குத் தொல்லை இல்லாதபடி, மிகக் குறைந்த சக்தியில் மட்டும் ஒலிபரப்ப அமெரிக்கா 2002-இல் அனுமதித்தது. 2019-இல் ஐபோன் 11-இலும் 2021-இல் ஏர்டேகிலும் வந்தது. துல்லியம் பத்து சென்டிமீட்டர் அளவில். குறை என்று சொன்னால், தூரம் அதிகம் எட்டாது, நடுவே மனித உடம்பு வந்தால் திணறும், கட்டடத்தில் தனிக் கருவிகள் பொருத்த வேண்டும்.

இங்கேதான் கார் கதைக்குத் திரும்புகிறோம். சிக்னலைக் கடத்துகிறவர் வலிமையை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், ஆனால் ஒளியை முந்த முடியாது. கடத்தினால் நேரம் கூடும், ஒருபோதும் குறையாது. பிராண்ட்ஸ், சாவ்ம் என்ற இருவர் 1993-லேயே இதை ஒரு பாதுகாப்பு முறையாக எழுதிவைத்தார்கள். கருவிகளின் சில்லில் (சிப்) வந்துசேரக் கிட்டத்தட்ட முப்பது வருடம் பிடித்தது.

முழுக் கவசம் என்று சொல்ல மாட்டேன். 2022-இல் வெளிவந்த 'கோஸ்ட் பீக்' ஆய்வில், 12 மீட்டர் தள்ளி இருந்த ஐபோனைப் பூஜ்ய மீட்டரில் இருப்பதாகக் காட்ட முடிந்தது. வலுவான சிக்னலுக்கு முன்னால் மெலிதாக ஏதாவது வந்ததா என்று ரிசீவர் பின்னோக்கித் தேடும். அந்தத் தேடலுக்கு இரையாகக் குப்பைச் சிக்னலை வீசுவதுதான் தந்திரம். அதிகபட்சம் நூற்றில் நான்கு முறை பலித்தது. சேர்ந்தாற்போல் பல முறை அளந்து சரிபார்த்தால் இதைச் சமாளிக்கலாம்.

கட்டத்தை நம்புகிறவர்கள்

ப்ளூடூத் 6.0, 2024 செப்டம்பரில் சேனல் சவுண்டிங் என்ற முறையைக் கொண்டுவந்தது. அலையின் கட்டம் கடிகாரத்தின் நிமிட முள் மாதிரி. முள் இருபதில் நிற்கிறது என்று தெரிந்தால் எத்தனை மணி என்று தெரியாது. அதனால் 72 சேனல்கள்வரை மாறி மாறி அளந்து, முள் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை வைத்துத் தூரம் கணக்கிடுகிறார்கள். சேனல்கள் 1 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருந்தால், 150 மீட்டருக்கு ஒருமுறை கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். திருடனுக்கு அது போதும். சிக்னலை வேண்டுமென்றே இன்னும் தாமதித்து, சுற்றைத் தாண்ட வைத்து "பக்கத்தில்" என்று காட்டிவிடலாம். இதை 2017-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதனால்தான் 6.0-இல் கட்டத்தோடு நேரத்தையும் அளக்கும் வசதி சேர்த்திருக்கிறார்கள். தனி யு.டபிள்யூ.பி சில்லு இல்லாமல், ப்ளூடூத் சில்லே இதைச் செய்துவிடும் என்பதால் மலிவான பூட்டுகளுக்கு இதுதான் வரும் என்று நினைக்கிறேன்.

சரி, எதற்கு எது? பொய் சொல்வதில் யாருக்காவது லாபம் இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. மாலில் கடையைத் தேடுகிறவரை ஏமாற்றி யாருக்கும் எதுவும் கிடைக்காது, அங்கே பீக்கன் போதும். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி எந்த வார்டில் இருக்கிறது என்று பார்க்கவும் அதுவே போதும். பெரிய குடோனில் ஆதரிக்கும் ரவுட்டர்கள் ஏற்கெனவே இருந்தால் வைஃபை நேர அளவை. எந்தத் தட்டு என்பதுவரை தெரிய வேண்டுமானால் யு.டபிள்யூ.பி. ஆனால் கதவு, கார், பணம் என்று வந்துவிட்டால் வலிமையை மட்டும் பார்க்கும் எதையும் வாங்காதீர்கள். 2022-இல் என்.சி.சி குழுமம் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், டெஸ்லா மாடல் 3 காரை ப்ளூடூத் சிக்னலைக் கடத்தித் திறந்து காட்டியது. போனே சாவி என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

புது கார் பார்க்கப் போனால் "இந்தச் சாவி தூரத்தை எப்படி அளக்கிறது?" என்று கேளுங்கள். யு.டபிள்யூ.பி என்றால் நல்லது. பழைய ரகச் சாவி வைத்திருந்தால், இரவில் இறுக்கமான மூடி போட்ட ஓர் உலோக டப்பாவில் போட்டு வையுங்கள். முதலில் அந்த டப்பாவோடு கார் பக்கத்தில் போய்க் கதவை இழுத்துப் பாருங்கள். திறந்துவிட்டால் வேறு டப்பா தேட வேண்டும்.