அப்பப்பாவின் ஒற்றைக்குழல் துவக்கு: ஒரு திருத்த வேலையின் மதிப்பீடு

தம்பலகாமத்தில் உள்ள எங்கள் மூன்று ஏக்கர் வயலுக்கெனப் பயிர்ப் பாதுகாப்பின் பேரில் அனுமதி பெறப்பட்ட 12 போர் (குழல் அளவு) ஒற்றைக்குழல் துவக்கு, அப்பப்பாவிடமிருந்து அப்பாவுக்கும் அவரிடமிருந்து எனக்கும் உரிய பதிவு மாற்றங்களோடு வந்து சேர்ந்தது. பர்மிங்காமில் மலிவு விலைக்குச் செய்யப்பட்ட வகை என்பதால் அதில் செதுக்கு வேலையோ பகட்டோ கிடையாது. ஒரு குழல், தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் ஒரு குதிரை, ஒரு விசை, அவ்வளவுதான். பன்றி இறங்கும் இரவுகளில் இரண்டு தோட்டா சுட்டாலே மறுநாள் தோள் கன்றிப்போகும், கன்னத்து எலும்பு அறை வாங்கியதுபோல் வலிக்கும், அந்த வலிக்குப் பயந்து விசையை இழுப்பதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். கண் மூடிய நிலையில் சுடுவது அடுத்த வயலில் காவல் இருப்பவருக்கு ஆபத்து என்பதை உணர்ந்த பிறகுதான், திருகோணமலை நகரில் அனுமதி பெற்றுத் துவக்குத் திருத்தும் முதியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன்.

அவர் துவக்கைத் தொடுவதற்கு முன் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள இலக்கத்தைக் குழலின் இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில் இதை மரியாதைக் குறைவாக எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பத்திரம் கேட்காமல் வேலையை ஏற்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. அதன் பின் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனிவரை நாடா பிடித்தார். "தம்பி, சட்டை தைக்கிறவன் மாதிரி முதலில ஆளை அளக்க வேணும், பிறகுதான் சாமான்" என்றார். நான் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அந்த அளவெடுப்புக்கே தகும் என்று இப்போது நினைக்கிறேன்.

விசையிலிருந்து பிடங்கின், அதாவது தோளில் அணைக்கும் மரப்பகுதியின், கடைசி வரையான நீளம் 13 அங்குலமே இருந்தது. எவரோ எப்போதோ உடைந்த நுனியை அறுத்துவிட்டுத் தகரத் தட்டு ஒன்றை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். என் கைக்கு அது குட்டை; சுடும்போது பெருவிரல் மூக்கில் வந்து இடித்ததற்குக் காரணம் இதுதான். பிடங்கின் மேல்விளிம்பும் மிகத் தாழ்வாக இருந்ததால் கன்னம் மரத்தில் படியாமல் அந்தரத்தில் நிற்க, துவக்கு பின்னால் உதைத்து எழும்பும்போது மரம் ஓடிவந்து கன்னத்தில் மோதியிருக்கிறது. அவர் தகரத்தைக் கழற்றி, கால் அங்குல மரத்துண்டு ஒன்றும் ஒரு அங்குலத் தடிப்பில் மிருதுவான றப்பர் அணையும் பொருத்தி நீளத்தை 14¼ அங்குலமாக்கினார். மேல்விளிம்பில் தோலுறை தைத்து, அதற்குள் மெல்லிய தோல் அடுக்குகளை ஒவ்வொன்றாகச் செருகி, வெற்றுத் துவக்கை நான் கண்ணை மூடித் தூக்கிக் கன்னத்தில் வைத்துவிட்டுத் திறந்தால் குறிபார்க்கக் குழலின் நுனியில் இருக்கும் முனைக்குண்டு நேரே தெரியும் வரை உயர்த்தினார். இதற்காக மட்டும் மூன்று முறை போய்வந்தேன்.

உதைக்கு மறு காரணம் எடை. தோட்டாவுக்குள் இருக்கும் ரவைக் குண்டுகளின் மொத்த எடையைப்போல் 96 மடங்காவது துவக்கு இருக்க வேண்டும் என்பது ஆங்கிலத் துவக்குத் தொழிலாளரின் பழைய கணக்கு. நான் பயன்படுத்தி வந்த 36 கிராம் ரவை கொண்ட தோட்டாவுக்கு அந்தக் கணக்கின்படி ஏறத்தாழ மூன்றரைக் கிலோ வேண்டும். தராசில் வைத்தபோது எங்களுடையது 2.55 கிலோ காட்டியது. பிடங்கை இறுக்கும் நீண்ட ஆணி செல்லும் துளைக்குள் ஈயத்தை இறுக்கிப் பொதித்தும், றப்பர் அணையின் எடை சேர்ந்தும் அது 2.95 கிலோவானது. தோட்டாவையும் மாற்றச் சொன்னார். குழலின் அடியில் உள்ள பர்மிங்காம் சோதனைச்சாலை முத்திரையைத் துடைத்துக் காட்டினார். தோட்டா இருக்கும் அறையின் நீளம் 2½ அங்குலம் என்று இருந்தது. சுடும் முன் வாய் மடிந்து குட்டையாக இருப்பதால், விரிந்தால் 2¾ அங்குலமாகும் தோட்டாவும் அதற்குள் சிரமமின்றி நுழைந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள பொறி. சுட்டவுடன் அந்த மடிப்பு விரிவதற்கு இடமில்லாமல் குழலின் ஒடுங்கும் பகுதிக்குள் போய் நெருங்கி, அழுத்தத்தை ஏற்றிவிடும். இத்தனை ஆண்டுகள் அப்பாவும் நானும் அதைக் கவனிக்காமல் இருந்தோம் என்று எண்ணும்போது இப்போதும் நெஞ்சு பதறுகிறது. இனி 65 மில்லிமீற்றர் (2½ அங்குலம்), 30 கிராம் ரவை கொண்ட தோட்டா மட்டுமே.

பழுது பார்ப்பில் எனக்கு மிகவும் பிடித்தது மர வேலை. பிடங்கில் இருந்த பள்ளங்களை அவர் சுரண்டவில்லை. ஈரத்துணியை மடித்து மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒற்றியபோது, சீ என்று ஆவி எழும்ப, நசுங்கிய நார்கள் நீரைக் குடித்து மெல்ல மேலெழுந்தன. அப்பப்பா இரும்புக்குப் பூசிய தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் ஊறிக் கருத்துப்போன இடத்தில் சுண்ணாம்புத் தூள் பசையைத் தடவிக் காயவிட்டு, அது எண்ணெயை உறிஞ்சியதும் உதிர்த்துவிட்டு மறுபடியும் தடவினார். இறுதியில் வார்னிஷ் இல்லாமல், ஆளி விதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் பல நாட்கள் தேய்த்தே மெருகேற்றினார். குழலைத் திறந்து மூடும் கீலில் இருந்த தளர்ச்சிக்குப் புதிய ஊசி போட்டார்; முன்பு விளக்குக்கு எதிரே பிடித்தால் குழலுக்கும் பின்தட்டுக்கும் இடையில் வெளிச்சக் கீற்று தெரியும், இப்போது மெல்லிய தாளும் நுழையாது. விசையை இலகுவாக்கித் தரும்படி கேட்டேன். வரம்பில் தடுக்கி விழுகிற இடத்தில் இலேசான விசை உயிருக்கு உலை என்று மறுத்து, துருவை மட்டும் நீக்கித் தந்தார். அந்த மறுப்பு சரியானது.

அறுவடை முடிந்த வயலில், அயல் வயல்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, உயர்ந்த மண்மேட்டின் முன்னால் அட்டை நிறுத்தி 25 மீற்றரில் ஆறு தோட்டா சுட்டுப் பார்த்தேன். முன்பு குறியிலிருந்து ஒரு சாண் கீழே விழுந்த ரவைகள், கண் உயர்ந்ததால் இப்போது குறியைச் சுற்றிச் சமமாகப் பரவியிருந்தன. தோளில் தள்ளல் இருக்கிறது, குத்து இல்லை. ஆறாவது தோட்டாவிலும் கண் மூடவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். றப்பர் அணையின் மேல்மூலை கூராக இருந்து, துவக்கை வேகமாகத் தூக்கும்போது சட்டையில் சிக்கியது. திரும்பக் கொண்டுபோன அன்றே பணம் வாங்காமல் சரித்துத் தேய்த்துத் தந்தார். குழலின் கருமைப் பூச்சு முனைப்பகுதியில் மெலிந்திருக்கிறது. கடற்காற்று அடிக்கும் நகரில் அது முதலில் துருப்பிடிக்கும் இடம் என்பதால் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். பெரிய குறை தாமதம். மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஒன்பது வாரம் இழுத்தது, இடையில் ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை, பெரும்போக நெல் பால் பிடித்திருந்த நாட்களில் துவக்கு இல்லாமல் வெறும் சீனவெடியோடு பரணில் இருந்தோம். தனியாளாக, பொறுப்போடு வேலை செய்கிறவரை அவசரப்படுத்த முடியாது. ஆகையால் அவரிடம் கொடுக்க நினைப்பவர்கள் மாசியில் அறுவடை முடிந்த கையோடு கொடுத்துவிட்டால், சிறுபோகக் கதிர் வருவதற்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.