சம்பளமில்லா டெல்லி இன்டர்ன்ஷிப்: செலவுக்கு எந்த வழி?

அரசுக் கொள்கை சார்ந்த இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி மாணவர்கள் "மாசம் எவ்வளவு தர்றாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ரயிலை விட்டு இறங்கும் அன்று கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? உதவித்தொகை தரும் இடத்திலும் முதல் மாதச் செலவு நம் பணம்தான். வீட்டில் அவ்வளவு பணம் புரட்ட முடியாத பிள்ளைகள் தேர்வாகியும் போகாமல் நின்றுவிடுவது இதனால்தான்.

மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கில் தொடங்குவோம். ஊதியம் கிடையாது. குறைந்தது ஆறு வாரம், அதிகபட்சம் ஆறு மாதம். மடிக்கணினியும் நாமே கொண்டுபோக வேண்டும். அலுவலகம் சன்சத் மார்க்கில், படேல் சௌக் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில். லட்சுமி நகரில் தங்கினால் ராஜீவ் சௌக்கில் மாறி வரலாம். ஆறு வாரத்துக்குத் தோராயமாக ஒரு கணக்கு: பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதியில் பகிர்வு அறையும் சாப்பாடும் மாதம் 10,000 ரூபாய் என்றால் 15,000, முப்பது வேலைநாள் மெட்ரோ 2,000, சென்னையிலிருந்து ஸ்லீப்பரில் போய்வர 2,000, மற்றவை 3,000. மொத்தம் 22,000. இதோடு விடுதிக்கு அட்வான்ஸ் 7,000. அது திரும்பி வர வேண்டிய பணம்தான், ஆனால் முதல் நாளே கட்டியாக வேண்டும். ஆக, கையில் 29,000 தேவை.

இதற்குப் போட்டியாக நிற்பவை மூன்று.

முதுகலை மாணவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை ரிசர்வ் வங்கியின் கோடைக்காலப் பயிற்சி. மாதம் 20,000 ரூபாய். வெளியூரில் பயிற்சி கிடைத்தால் இரண்டடுக்கு ஏ.சி. ரயில் கட்டணமும் உண்டு. தங்குமிடம் நம் பொறுப்பு. பொருளாதாரம், வணிகவியல், புள்ளியியல், சட்டம், மேலாண்மை போன்ற படிப்புகளில் இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் இருப்பவர்களுக்கானது. மூன்றாண்டுச் சட்டப் படிப்பும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பும் இதில் சேரும். சாதாரண பி.ஏ., பி.காம். மாணவர்களுக்கு இடமில்லை.

வெளியுறவு அமைச்சகம் மாதம் 10,000 ரூபாயும் டெல்லிக்குப் போய்வர ஒருமுறை விமானக் கட்டணமும் தருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே போட்ட கணக்கில் பயணச் செலவு 2,000தான். பெருஞ்செலவு அறைக்கும் சாப்பாட்டுக்கும். அந்த 10,000 அதற்கே சரியாகப் போய்விடும். அட்வான்ஸ் அப்படியே நம் தலையில்தான். பட்டம் முடித்தவர்களும், பாடத்திட்டத்திலேயே இன்டர்ன்ஷிப் கட்டாயமாக உள்ள இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

21 வயது நிறைந்த, பெருநகரம் அல்லாத ஊர்ப் பெண்களுக்கு மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் இரண்டு மாதப் பயிற்சிதான் நாங்கள் பார்த்தவரை எல்லாவற்றிலும் மேலானது. காரணம் உதவித்தொகை மட்டுமல்ல, விடுதி. அட்வான்ஸ் என்ற முதல் தடையே அங்கே இல்லை. திண்டுக்கல்லிலோ திருவாரூரிலோ படிக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு வசதி பத்தாயிரம் ரூபாயைவிடப் பெரிது.

பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தத் திட்டம் பெரிய நிறுவனங்களில் பயிற்சி பெறுவதற்கானது. 2024இல் அது தொடங்கியபோது இருந்த விதிப்படி முழுநேர மாணவர்கள் அதில் சேர முடியாது.

சரி, நிதி ஆயோக் மட்டும்தான் கிடைத்தது என்றால் பணத்துக்கு எங்கே போவது? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் மெட்ரோவுக்கு ஆகும், அவ்வளவுதான். கல்விக் கடனில் வங்கி கட்டணத்தை நேரடியாகக் கல்லூரிக்கே அனுப்பிவிடும். கடன் ஒப்புதலின்போதே சேர்க்காத செலவை நடுவில் கேட்டு வாங்குவது கடினம். தனிநபர் கடன், கடன் செயலி பக்கம் போகவே வேண்டாம். வருமானமில்லாத வேலைக்கு வட்டி கட்டுவது கொடுமை.

நடைமுறையில் பலன் தருவது முன்னாள் மாணவர் சங்கம். பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்று எழுதினால் பதில் வராது. ஒரு பக்கக் கடிதம் போதும்: தேர்வான மின்னஞ்சலின் நகல், சேரும் தேதி, மேலே உள்ளதுபோல் வரி வரியாகச் செலவுக் கணக்கு. அட்வான்ஸைத் தனியாகக் காட்டி, "திரும்பி வந்ததும் இதைச் சங்கத்துக்கே தந்துவிடுகிறேன், அடுத்த மாணவருக்கு உதவும்" என்று எழுதுங்கள். பணம் பயணத்துக்கு முன்பே வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பில் காட்டிய பிறகு தருகிறோம் என்றால் பணமில்லாத மாணவருக்கு அது உதவியே அல்ல.

செலவு கைமீறும் இடங்கள் இரண்டு. ஒன்று, பருவத்தின் நடுவே போவது. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போய்த் தேர்வு எழுத முடியாமல் ஒரு பருவம் வீணானால், அதுதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. எனவே கோடை விடுமுறையில் ஆறு வாரம், அதற்குமேல் நீட்டிக்க வேண்டாம். இரண்டாவது, பி.ஜி. விடுதி. மூன்று மாதம் கட்டாயம் தங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் ஆறு வாரத்தில் கிளம்பும்போது அட்வான்ஸ் போய்விடும். பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மே, ஜூன் வெயிலில் கூலரோ ஏ.சி.யோ ஓடாமல் தூங்க முடியாது. அந்த மின்கட்டணம் பல விடுதிகளில் தனி. அறைக்குள் நுழைந்ததும் சப்-மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால் முந்தைய ஆள் ஓட்டிய யூனிட் நம் பில்லில் ஏறாது.

தேதிகள்: ரிசர்வ் வங்கிக்கு அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை. நிதி ஆயோக்குக்கு ஒவ்வொரு மாதமும் 1 முதல் 10 வரை. மே மாதம் சேர பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள். கல்லூரி தரும் தடையின்மைச் சான்றில் (என்.ஓ.சி.) கல்லூரி முதல்வர் கையெழுத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். முன்னாள் மாணவர் சங்கத்துக்கான கடிதத்தையும் அதே வாரத்தில் கொடுத்துவிடலாம்.