ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷனா, பயிற்சியா?

முழங்கால் வலியோடு போய் எம்.ஆர்.ஐ. எடுத்தால், "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்பார்கள். உடனே வீட்டில் ஆபரேஷன் பேச்சு தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த ஜவ்வு? இரண்டு வேறு பொருள்களை நாம் அந்த ஒரே சொல்லால் சொல்கிறோம். எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது மெனிஸ்கஸ். எலும்புகளைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்களில் ஒன்று ஏ.சி.எல். இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல.

எனக்கு 46 வயதில் கிழிந்தது மெனிஸ்கஸ். விழவில்லை, மோதவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தபோது உள்ளே சுருக்கென்றது, அவ்வளவுதான். சின்னத் துளை போட்டுக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்துவிடலாம், சீக்கிரமே நடக்கலாம் என்றார் மருத்துவர். பிசியோவோ (பிசியோதெரபிஸ்ட்) பயிற்சிக்கு மூன்று மாதம் கேட்டார். யாருக்கும் முதல் வழிதான் பிடிக்கும்.

ஆனால் நடுவயதில் தேய்மானத்தால் வரும் கிழிசலுக்கு அந்த வேகத்தால் பெரிய பயன் இல்லை. பின்லாந்தில் 146 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. எல்லோருக்கும் மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் ஜவ்வை வெட்டினார்கள். மற்றவர்களுக்கு வெட்டுவதுபோல் பாவனைதான். ஒரு வருடம் கழித்து இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். நார்வேயில் 140 பேரிடம் ஆபரேஷனையும் 12 வாரப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள் (2016). இரண்டு வருட முடிவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முதல் வருடத்தில் தொடை வலு பயிற்சி செய்தவர்களுக்கே கூடுதல். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். மூட்டு வீங்கினால் முன்தொடைத் தசை சரியாக வேலை செய்யாது, சீக்கிரமே மெலியும். ஜவ்வை வெட்டுவதால் அந்தத் தசை திரும்பி வராது. வெட்டிய மெத்தையும் திரும்பாது. அதன் சுமை குருத்தெலும்பின் மேல் ஏறும்.

நான் செய்தது எளிமையானது. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்துவது, காலை நீட்டியபடி தூக்குவது, அப்புறம் சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, கடைசியில் படி ஏறி இறங்குவது. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் அன்று குறைத்துக்கொள்வேன். மூன்றாவது வாரம்வரை எந்த மாற்றமும் தெரியவில்லை. விட்டுவிடத் தோன்றும் நேரம் அதுதான். ஏழாவது வாரம் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கினேன்.

முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாவிட்டாலும், இளவயதில் அடிபட்டுக் கிழிந்திருந்தாலும் இந்தக் கணக்கு செல்லாது. அத்தகைய கிழிசலைத் தைக்க வாய்ப்பு உண்டு. சர்ஜனைத் தாமதிக்காமல் பாருங்கள்.

ஏ.சி.எல். விஷயத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கபடி, கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் இது. சுவீடனில் 18 முதல் 35 வயதுவரை உள்ள 121 பேரில் ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். ஐந்து வருடம் கழித்து வலியிலும் செயல்பாட்டிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது பிரிவில் பாதிப் பேர் அதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். மீதிப் பாதிக்கு அது தேவைப்படவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஆய்வில் தொழில்முறை வீரர்கள் இல்லை. கால் அடிக்கடி மடங்கிவிடுகிறது என்றால் பயிற்சியை மட்டும் நம்பி இழுக்காதீர்கள். ஒவ்வொரு தடவை மடங்கும்போதும் மெனிஸ்கஸும் அடிபடலாம். இப்படி நாள்பட்ட மூட்டுத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு ஆபரேஷனே மேல் என்று பிரிட்டனில் 316 பேரிடம் நடந்த ஆய்வும் (2022) காட்டியது.

எந்த வழியில் போனாலும் பிசியோவைத் தவிர்க்க முடியாது. ஏ.சி.எல். ஆபரேஷனுக்குப் பிறகு களத்தில் இறங்கக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகும். தேதி வந்தது என்று மட்டும் பிள்ளையை அனுப்பாதீர்கள். அடிபட்ட கால் நல்ல காலின் வலுவில் 90 சதவீதமாவது எட்டியிருக்கிறதா என்று பிசியோவிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.