மேசா ஆர்ச்சில் விடியலா, டெலிகேட் ஆர்ச்சில் அந்தியா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாப் ஊரில் ஒரு நாள்தான் தங்கல் என்றால், அருகிலுள்ள இந்த இரண்டு இயற்கைப் பாறை வளைவுகளில் எதைப் படமெடுப்பது?

மேசா ஆர்ச்சுக்கு நடை ஒரு பொருட்டே இல்லை. போய்வர ஒரு கிலோமீட்டர் சொச்சம். வெளிச்சம்தான் சவால். எழும் சூரியனின் ஒளி கீழேயுள்ள செங்குத்துப் பாறையில் பட்டுத் தெறித்து, வளைவின் அடிப்பக்கம் தணல்போலச் சிவக்கும். வானமோ கண் கூசும். ஒரே ஷாட்டில் எடுத்தால் வானம் வெளுக்கும், இல்லையேல் பாறை கறுக்கும். டிரைபாடில் 16 எம்எம் அகலக் கோண லென்ஸ், எஃப்/16 (சிறிய லென்ஸ் துளை), ஐஎஸ்ஓ 100 (குறைந்த ஒளியுணர்திறன்) வைத்து, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணையுங்கள். சூரியனைப் பாறை விளிம்பில் பாதி மறைத்தால் நட்சத்திரக் கதிர் விழும். சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போகாவிட்டால், கூட்டத்தில் முன்வரிசை கிடைக்காது.

டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர 4.8 கிலோமீட்டர், சுமார் 146 மீட்டர் ஏற்றம், நிழலே கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், இருட்டில் இறங்க ஹெட்லேம்ப்பும் வேண்டும். ஆனால் மாலை வெயில் நேராக வளைவின்மேல் விழுவதால் போனிலேயே நல்ல படம் வரும். தள்ளி நின்று 100 எம்எம்முக்கு மேல் ஜூம் செய்தால் பின்னாலுள்ள லா சால் மலைகள் பெரிதாகத் தெரியும். வளைவடியில் ஒருவரை நிறுத்தினால்தான் அதன் பிரம்மாண்டம் புரியும்.

இரண்டிலும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமரா தானே நிறத்தைச் சரிசெய்வது) சிவப்பைக் கொன்றுவிடும், அதை டேலைட்டில் வையுங்கள். ட்ரோனுக்குத் தடை.

குடும்பப் படத்துக்கு டெலிகேட். டிரைபாடும் பொறுமையும் இருந்தால், தயங்காமல் மேசா.