ஏ.ஏ.வி.எஸ்.ஓ. வரைபடச் சேவை: பைனாகுலர் இருந்தால் போதும்

1911-இல் அமெரிக்காவின் அமெச்சூர் வானியலாளர்களை ஒருங்கிணைக்கத் தொடங்கிய ஏ.ஏ.வி.எஸ்.ஓ. (அமெரிக்க மாறு விண்மீன் நோக்கர் சங்கம்) அமைப்பின் இலவசச் சேவை இது. மாறு விண்மீனின் (பிரகாசம் கூடிக் குறையும் விண்மீன்) பெயரைக் கொடுத்து, பைனாகுலருக்கு 'பி' அளவை (3 பாகை அகல வானப் பகுதி) தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் ஒப்பிடுவதற்கான விண்மீன்களின் அருகே பிரகாச எண் இருக்கும்; 95 என்றால் 9.5, தசமப் புள்ளியை விண்மீனாக எண்ணிவிடக் கூடாதென்றே அதை விட்டிருக்கிறார்கள். அருமையான ஏற்பாடு!

மாறு விண்மீனைவிடச் சற்றுப் பிரகாசமான ஒப்பு விண்மீன் ஒன்று, சற்று மங்கலான ஒன்று, இவற்றுக்கிடையே அதன் பிரகாசத்தை 0.1 வரை மதிப்பிடுங்கள். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்தால் பிரகாசம் கூடித் தெரியும். சட்டென்று பார்த்து நகருங்கள். வரைபட எண்ணையும் பதியுங்கள். எல்லோரும் பயன்படுத்தும் ஒப்பு விண்மீன் மதிப்புகள் ஒன்றானால்தான் ஊருக்கு ஊர் அளவுகள் பொருந்தும்.

பலர் சறுக்குவது நேரத்தில்தான். பதிவு உலக நேரத்தில் (UT) இருக்க வேண்டும்; அதற்கு இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். விடியற்காலை 5.30-க்கு முந்தைய பதிவுக்கு உலக நேரத்தில் தேதி முந்தைய நாள்.